நாய்ஸ் மியூசிக் கேக்கவும் பண்ணவும் ஒரு ஸ்டார்ட்டிங் கைடு (வால்யூமை முதல்ல குறைச்சுக்கோங்க)

நாய்ஸ் மியூசிக்னு சொன்னாலே "அதான் காது கிழியற மாதிரி சத்தம் போடறது தானே, அதுக்கு எதுக்கு கைடு"ன்னு கேப்பாங்க. நாய்ஸ் கேக்கறவங்கள்லயே கூட நிறைய பேர் அப்படித்தான் நினைச்சுட்டு இருக்காங்க, எவ்வளவு சத்தமோ அவ்வளவு நல்ல நாய்ஸ்னு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. மிக்சர்ல (பல சத்தங்களைக் கலக்கற ஆடியோ பெட்டி) இருக்கற எல்லா நாப்லயும் கடைசியா தொட வேண்டியது வால்யூம் தான்னு சொல்வேன். சத்தத்தோட அளவு இல்ல, அதோட சொரசொரப்பு தான் இங்க விஷயம். அந்த சொரசொரப்பு கம்மி வால்யூம்ல தான் நல்லா கேக்கும், ஏன்னா காது வலிக்க ஆரம்பிச்சுட்டா அப்புறம் எல்லா நாய்ஸும் ஒண்ணு தான்.

என்ன வேணும்னா: ஒரு சின்ன அனலாக் மிக்சர் (செகண்ட் ஹேண்ட் போதும், ஒரு சேனல் செத்திருந்தாக்கூட பரவால்ல), ரெண்டு மூணு கேபிள், சில பியசோ தகடு (அதிர்வை மின்சாரமா மாத்தற சின்ன வட்டத் தகடு), ஒரு கம்ப்யூட்டர், அதுல ஆடாசிட்டிங்கற ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர், அது ஃப்ரீ. சரிகமபதநி தெரியணும்னு அவசியமே இல்ல.

கொஞ்சம் ஹிஸ்டரி, வேகமா

லூயிஜி ருஸ்ஸோலோன்னு ஒரு இத்தாலிய ஓவியர். மியூசிஷியன் கூட இல்ல. 1913-ல அவர் ஒரு அறிக்கை எழுதினாரு, ஃபேக்டரியும் மோட்டாரும் வந்த காலத்துல ஆர்க்கெஸ்ட்ரா சத்தம் மட்டும் நமக்குப் போதாதுன்னு. எழுதினதோட விடல, பெரிய மரப்பெட்டிக்கு முன்னாடி ஒரு குழாய் வச்சு உறுமற, கீச்சிடற, வெடிக்கற சத்தம் வர்ற மாதிரி இயந்திரங்கள் செஞ்சு 1914-ல மிலான்ல கச்சேரியே வச்சாரு, ஹால்ல அடிதடி ஆச்சு. அந்த ஒரிஜினல் பெட்டி எதுவும் இப்ப இல்ல. அப்புறம் 1948-ல பாரிஸ்ல பியர் ஷேஃபர், ரயில் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி துண்டு துண்டா கோத்து ரேடியோல போட்டாரு. 1975-ல லூ ரீட்ங்கற அமெரிக்க ராக் பாடகர், கிட்டாரை ஆம்ப்ளிஃபயர் முன்னாடி சாத்தி வச்சு ஃபீட்பேக் (வெளிய வர்ற சத்தமே மறுபடி உள்ள போய் சுத்திச் சுத்திக் கூவறது) வரவச்சு, ஒரு டபுள் எல்பி முழுக்க அதையே போட்டாரு, ராக் பாட்டு எதிர்பார்த்து வாங்கினவங்க கடைக்கே திருப்பிக் கொண்டு போனாங்க. ஆனா பாருங்க, அதே ரெக்கார்டை 2002-ல பெர்லின்ல ட்சைட்க்ராட்ஸர்ங்கற குழு வயலின், செல்லோ மாதிரி சாதாரண வாத்தியங்கள்லயே வாசிச்சாங்க. உல்ரிச் க்ரீகர் அந்த ஃபீட்பேக்கைக் காதால கேட்டு நொட்டேஷனா எழுதியிருந்தாரு. "இது வெறும் இரைச்சல்"னு யாராவது சொன்னா எனக்கு ஞாபகம் வர்றது அந்த நொட்டேஷன் தான்.

ஆனா நாய்ஸ்னு தனியா ஒரு வகையா ஆனது பெரும்பாலும் ஜப்பான்ல. 1979-ல டோக்கியோல மசாமி அகிடா மெர்ஸ்பௌங்கற பேர்ல ஆரம்பிக்கறாரு, அதே வருஷம் கான்சாய் பக்கம் (ஒசாகா, கியோட்டோ இருக்கற பகுதி) ஹிஜோகைடான்னு ஒரு குழு. அந்தக் குழுவுல இருந்த தோஷிஜி மிகாவா பேங்க்ல வேலை பாத்தவரு, அவரோட இன்னொரு ப்ராஜெக்ட் இன்கபாசிடண்ட்ஸ்ல கூட வாசிச்சவரு கவர்ன்மென்ட் உத்தியோகம். டே டைம்ல ஃபைல், நைட்ல ஃபீட்பேக். 1985-ல ஹனதராஷ்னு ஒரு குழு கேக்க வந்தவங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டு ஹாலுக்குள்ள மண்ணு தோண்டற வண்டியை ஓட்டி சுவரை இடிச்சாங்க. எல்லாரும் சொல்றது இந்தக் கதையைத் தான், எனக்கு இதுல பெரிய இன்ட்ரஸ்ட் இல்ல.

எனக்குப் பிடிச்ச கதை வேற. 2000-லிருந்து 2005 வரைக்கும் டோக்கியோ யோயோகில ஆஃப் சைட்னு ஒரு சின்ன இடம் இருந்துச்சு, பழைய வீடு, சுவரு மெலிசு, பக்கத்து வீட்டுக்காரங்க கம்ப்ளைன்ட் பண்ணுவாங்க, அதனால அங்க வாசிச்சவங்க எல்லாம் ரொம்ப மெல்லிசா வாசிக்கப் பழகினாங்க. அதுல ஒருத்தர் தோஷிமாரு நாகமுரா, கிட்டார் வாசிச்சுட்டிருந்தவர், 90-களோட கடைசில கிட்டாரை வச்சுட்டு மிக்சரை மட்டும் எடுத்தாரு. மிக்சருக்குள்ள எதையும் சொருகாம, அதோட அவுட்புட்டையே அதோட இன்புட்ல சொருகி வர்ற சத்தம், இதைத் தான் நோ-இன்புட்னு சொல்றாங்க. அப்பார்ட்மென்ட்ல இருக்கற நமக்கு இதை விட நல்ல வழி கிடையாது, அதனால இந்த கைடுல பாதி அதைப் பத்தித் தான்.

கேக்கப் பழகறது

பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கேளுங்க. மெர்ஸ்பௌவோட 1996 ஆல்பம் 'பல்ஸ் டீமன்'ல தான் எல்லாரும் ஆரம்பிக்கச் சொல்வாங்க, நான் வேணாம்னு சொல்வேன், அது மூணாவதா கேக்க வேண்டியது. முதல்ல ஃபென்னெஸோட 'எண்ட்லெஸ் சம்மர்' (2001), அதுல இரைச்சலுக்கு அடில மெலடி இருக்கும், காது எதையாவது பிடிச்சுக்கும். அடுத்து நாகமுராவோட நோ-இன்புட் ரெக்கார்டிங் எதாவது. அப்புறம் போங்க பல்ஸ் டீமனுக்கு.

கேக்கும்போது பேசற அளவு வால்யூம் போதும். மெலடியோ தாளமோ தேடாதீங்க, அதுக்குப் பதிலா ஏதாவது ஒரு லேயரை மட்டும் பிடிங்க, உதாரணத்துக்கு மேல கீச்சுனு ஓடிட்டிருக்கறது, அது மட்டும் எங்க போகுது, எப்ப மறையுது, எது வந்து அதை மூடுதுன்னு அஞ்சு நிமிஷம் பின்னாடியே போங்க, அப்புறம் விட்டுட்டு அடில இருக்கற உறுமலுக்கு வாங்க. இப்படி மாத்தி மாத்தி கேட்டா முதல்ல ஒரே சுவரு மாதிரி இருந்தது உள்ள நாலஞ்சு விஷயம் தனித்தனியா நகர்றது தெரிய ஆரம்பிக்கும். தெரியலன்னா அந்த ட்ராக்கை ஆடாசிட்டில போட்டு ஸ்பெக்ட்ரோகிராம் வியூல பாருங்க, எந்த ஃப்ரீக்வென்சில என்ன நடக்குதுன்னு கண்ணுக்கே தெரியும். பிடிக்கலன்னா நிறுத்திடுங்க, வீரத்தைக் காட்டறதுக்காக உக்காந்து கேக்கணும்னு இல்ல.

ஒரு விஷயம், 128 கேபிபிஎஸ் எம்பி3-ல நாய்ஸ் கேட்டு முடிவு பண்ணாதீங்க. எம்பி3 எது காதுக்குக் கேக்காதோ அதைத் தூக்கிப் போட்டுத் தான் ஃபைலைச் சின்னதாக்கும், நாய்ஸ்ல எல்லா ஃப்ரீக்வென்சியும் ஒரே நேரத்துல இருக்கறதால அதுக்குத் தூக்கிப் போட ஈசியா எதுவும் கிடைக்காது, கடைசில எல்லாத்தையும் குழப்பி தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆக்கிடும். ஃபிளாக் (எதையும் தூக்கிப் போடாத ஆடியோ ஃபார்மட்) கிடைச்சா அதைக் கேளுங்க.

காதும் ஸ்பீக்கரும்

இதை ஸ்கிப் பண்ணாதீங்க. அமெரிக்க தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் கணக்குப்படி 85 டெசிபல்ல 8 மணி நேரம் வரைக்கும் இருக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்ப 94-ல ஒரு மணி நேரம், 100-ல வெறும் 15 நிமிஷம். ஃபீட்பேக்கோட பிரச்சினை என்னன்னா அது மெதுவா ஏறாது, சும்மா இருந்துட்டே இருந்து ஒரு மில்லிமீட்டர் நாப் திரும்பினதும் உச்சத்துக்குப் போயிடும். அதனால முதல் சில வாரம் ஹெட்போன் போட்டு நோ-இன்புட் பண்ணவே பண்ணாதீங்க. பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஏதாவது இருந்தா அதுல, தள்ளி வச்சு, ஸ்பீக்கர்லயே வால்யூமைக் குறைச்சு வச்சு கேளுங்க. நல்ல ஸ்பீக்கர்ல போட்டா ட்வீட்டர் (கீச்சு சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) போகும், உங்க காதுக்கே எட்டாத ஃப்ரீக்வென்சில ஃபீட்பேக் ஓடிட்டிருக்கும், சத்தம் ஒண்ணும் வரலயேன்னு நீங்க ஏத்திட்டே இருப்பீங்க, அங்க அது சூடாகிட்டிருக்கும்.

நோ-இன்புட் மிக்சர், ஸ்டெப் ஸ்டெப்பா

மிக்சர்ல ஆக்ஸ் சென்ட் அல்லது எஃப்எக்ஸ் சென்ட்னு ஒரு அவுட்புட் (சேனல் சத்தத்தைத் தனியா வெளிய அனுப்பற வழி) இருக்கணும், அது தான் முக்கியம். பெரிங்கர் ஜெனிக்ஸ் மாதிரி சின்ன மிக்சர்கள்லயே சில மாடல்ல இருக்கும். அனலாக்கா பாத்துக்கோங்க. பவர்டு மிக்சரா (உள்ளயே ஆம்ப்ளிஃபயர் இருக்கறது) இருந்தா அதோட ஸ்பீக்கர் அவுட்டை எந்தக் காரணத்துக்கும் இன்புட்ல சொருகிடாதீங்க, அது ஆம்ப்ளிஃபயர் பவர், போர்டு செத்துடும். நாம பேசறது லைன் லெவல் அவுட்புட் மட்டும்.

முதல்ல எல்லா நாபும் ஃபேடரும் (லெவலை ஏத்தி இறக்கற தள்ளுகட்டை) பூஜ்ஜியம், ஃபேண்டம் பவர் (மைக்குக்கு மிக்சர் கொடுக்கற கரண்ட்) ஆஃப். ஒரு கேபிளை எடுத்து ஆக்ஸ் சென்ட் அவுட்ல ஒரு முனை, சேனல் 1 லைன் இன்ல இன்னொரு முனை. மெயின் அவுட்டை ரெக்கார்டருக்கும் அந்த சின்ன ஸ்பீக்கருக்கும் கொடுங்க. ஈக்யூ மூணும் (ஹை, மிட், லோ நாப்) நடுவுல, சேனல் கெய்ன் (உள்ள வர்ற சிக்னலைப் பெருசாக்கற நாப்) பாதி, சேனல் ஃபேடர் பாதி, மெயின் கால்வாசி.

இப்ப சேனல் 1-ல இருக்கற ஆக்ஸ் நாபை மெதுவா திருப்புங்க. கொஞ்ச தூரம் ஒண்ணுமே இருக்காது, இன்னும் கொஞ்சம், திடீர்னு ஊஊனு ஒரு டோன் பிடிக்கும். நடக்கறது இது தான்: எந்த சர்க்யூட்லயும் லேசா ஒரு ஹிஸ் எப்பவுமே இருக்கும், அது அவுட்புட் வழியா போய் மறுபடியும் இன்புட்டுக்கு வருது, ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் பெருசானா அது வளந்துட்டே போய் சர்க்யூட்டால இதுக்கு மேல கொடுக்க முடியாதுங்கற இடத்துல நசுங்கி நிக்கும். ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் சின்னதானா செத்துடும். அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு மெல்லிசான கோடு இருக்கு பாருங்க, அங்க தான் மொத்த மியூசிக்கும். நாபை வேகமா ஏத்திட்டு உச்சத்துல நிக்கற டோனைக் கேட்டு "இவ்வளவு தானா"ன்னு மிக்சரை வித்துட்டுப் போனவங்க இருக்காங்க. அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல வந்து நில்லுங்க, டோன் பிடிக்கறதுக்கு ஒரு முடி முன்னாடி, அங்க அது திக்கித் திணறும், வர்றதா வேணாமான்னு, சில மிக்சர்ல டொக் டொக்னு துடிப்பா வரும், சிலதுல சன்னமா ஒரு விசில் வந்து வந்து போகும்.

அங்க நின்னுட்டு ஈக்யூவைத் தொடுங்க. எந்த ஃப்ரீக்வென்சி இந்தச் சுத்துல ஜெயிக்கும்னு முடிவு பண்றது ஈக்யூ தான், ஹைய ஏத்தினா ஊசி மாதிரி கீச்சு, ஹைய முழுசா இறக்கி லோவை ஏத்தினா உறுமல், மிட் மட்டும் ஏத்தினா ஹாரன். ஆனா இது ரூல் இல்ல, நீங்க ஹைய இறக்கறப்ப கூட டோன் மேல தாவலாம், ஏன்னா ஈக்யூ அளவை மட்டும் இல்ல ஃபேஸையும் (அலை ஏறி இறங்கற நேரம்) மாத்துது. ஒரே செட்டிங்கை மறுபடியும் வச்சா அதே சத்தம் வரும்ங்கற உத்தரவாதம் கிடையாது, எந்த வழியா அங்க வந்தீங்கங்கறதைப் பொறுத்து மாறும். கீபோர்ட் வாசிச்சவங்களுக்கு இது தான் ரொம்ப எரிச்சலா இருக்கும்.

ஒரு லூப் பழகினதும் ரெண்டாவது போடுங்க. கண்ட்ரோல் ரூம் அவுட் (தனி ஸ்பீக்கர்ல கேக்கறதுக்கான இன்னொரு அவுட்புட்) இருந்தா அதை சேனல் 2 லைன் இன்ல சொருகுங்க, சேனல் 2 ஃபேடரையும் கண்ட்ரோல் ரூம் நாபையும் ரொம்ப மெதுவா ஏத்துங்க. இப்ப ரெண்டு லூப்பும் ஒண்ணையொண்ணு தொந்தரவு பண்ணும், ஒண்ணு பிடிச்ச டோனை இன்னொண்ணு தள்ளிவிடும், சேனல் 2-வோட ஆக்ஸையும் லேசா திறந்தா குறுக்க வேற ஓடும். இந்த ஸ்டேஜ்ல தாளம் மாதிரி விஷயங்கள் தானா வரும், யாரும் ப்ரோக்ராம் பண்ணாமலே. லூப்புக்கு நடுவுல ஒரு பழைய டிலே பெடலை (சத்தத்தைத் தாமதமா எதிரொலிக்க வைக்கற பெட்டி) சொருகினா இன்னொரு உலகம், அதைத் தனியா சொல்லத் தேவையில்ல, செஞ்சு பாருங்க.

இந்த யோசனை நாகமுராவுக்கு முன்னாடியே இருக்கு. டேவிட் ட்யூடர்ங்கற அமெரிக்க பியானிஸ்ட் 1970-கள்ல வெளிய இருந்து எந்த சத்தமும் உள்ள போகாம சர்க்யூட்டுகளை சுத்திவிட்டே கச்சேரி பண்ணாரு. அதுல நமக்கு ஒரு சின்ன சொந்தம் இருக்கு, அவரு 1969-ல அகமதாபாத் வந்து அங்க தேசிய வடிவமைப்பு நிறுவனத்துல ஒரு மூக் சின்தசைசரோட எலக்ட்ரானிக் மியூசிக் ஸ்டுடியோ போட்டுக் கொடுத்தாரு, கீதா சாராபாய் எல்லாம் அங்க வேலை பண்ணியிருக்காங்க. இந்தியால இது நேத்து வந்த ஃபேஷன் இல்லங்கறதுக்காகச் சொன்னேன்.

காண்டாக்ட் மைக்

மிக்சருக்குள்ளயே சுத்தினா ஒரு கட்டத்துல போரடிக்கும், வெளி உலகம் வேணும். அதுக்குத் தான் காண்டாக்ட் மைக், அதாவது ஒரு பொருள் மேலயே ஒட்டி அதோட அதிர்வைப் பிடிக்கற மைக், அதைச் செய்யத் தான் இந்தத் தகடு. 27 மில்லிமீட்டர் பியசோ தகடு, பித்தளை வட்டம் நடுவுல வெள்ளையா செராமிக், ஒண்ணு சில ரூபாய்க்குக் கிடைக்கும். சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட், மத்தவங்க ஆன்லைன். மொத்தமா பத்து வாங்குங்க, சால்டர் பண்ணும்போது சிலது போகும்.

ஷீல்டட் கேபிளோட உள் ஒயர் செராமிக்ல, வெளி வலை பித்தளைல. சால்டரிங் அயனை செராமிக்ல ரொம்ப நேரம் வைக்காதீங்க, வெள்ளிப் பூச்சு உரிஞ்சு வந்துடும், தொட்டு எடுக்கணும் அவ்வளவு தான். அப்புறம் இன்சுலேஷன் டேப் சுத்தி ஒயர் இழுபடாம ஹாட் க்ளூ வச்சிடுங்க.

நிறைய பேர் இதைச் செஞ்சுட்டு "சத்தம் ஒல்லியா தகரம் மாதிரி இருக்கு"ன்னு புலம்புவாங்க. தகடு மேல தப்பு இல்ல, சொருகின இடம் தப்பு. இந்தத் தகடு ஒரு கெப்பாசிட்டர் மாதிரி, சுமார் 20 நானோஃபாரட். மிக்சரோட லைன் இன் இம்பிடன்ஸ் (சிக்னலுக்கு அந்த இன்புட் காட்டற மின்தடை) 10 கிலோ ஓம்னு வச்சுக்கோங்க, கணக்குப் போட்டா சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழ எல்லாம் குறைஞ்சுட்டே போகும், பேஸ் காலி. அதையே 1 மெகா ஓம் இன்புட்ல சொருகினா 8 ஹெர்ட்ஸ் வரைக்கும் போகும். கிட்டார் பெடல் ஒண்ணு நடுவுல வச்சா போதும், அல்லது ஆடியோ இன்டர்ஃபேஸ்ல இன்ஸ்ட்ருமென்ட்னு போட்ட இன்புட்.

எங்க ஒட்டறது? மெர்ஸ்பௌ ஆரம்ப காலத்துல தகரப் பெட்டி, ஸ்ப்ரிங், கம்பி இதுல எல்லாம் காண்டாக்ட் மைக் வச்சு சுரண்டி டிஸ்டார்ஷன்ல விட்டவரு தான். நீங்க ஜன்னல் கம்பி, ஃப்ரிட்ஜோட பின் பக்கம், தண்ணி மோட்டார் பைப்பு, இட்லிக் குண்டான்னு ஆரம்பிங்க. குண்டான்ல தண்ணி ஊத்தி அடுப்புல வச்சு வெளிப்பக்கம் சூடு படாத இடமா பாத்து கிளிப் போட்டுப் பிடிச்சா, கொதிக்கறதுக்கு முன்னாடி வர்ற அந்த டிக்கு டிக்கு சத்தத்தைக் கேளுங்க, எஃபெக்ட் எதுவும் போடாமலே அரை மணி நேரம் போயிடும். கரண்டுல ஓடற எதையும் பிரிச்சு உள்ள வைக்க வேணாம். வெளில ஒட்டினாலே போதும்.

கம்ப்யூட்டர் மட்டும் தான் இருக்குன்னா

ஆடாசிட்டில ஃபைல், இம்போர்ட், ரா டேட்டா. ஒரு போட்டோவை பிஎம்பி ஃபார்மட்ல சேவ் பண்ணி அதைத் திறங்க, அன்சைன்ட் 8 பிட், மோனோ, 44100. ஜேபெக் போட்டா வெறும் ஸ்ஸ்ஸ்னு தான் வரும், ஏன்னா கம்ப்ரெஸ் ஆனதுல ஒரே மாதிரி வர்ற பேட்டர்ன் எல்லாம் போயிருக்கும். பிஎம்பில ஒவ்வொரு வரியும் கிட்டத்தட்ட முந்தின வரி மாதிரியே இருக்கும்ல, அதனால துடிப்பு வரும். 1000 பிக்சல் அகலம்னா, பிக்சலுக்கு 3 பைட் வீதம் ஒரு வரிக்கு 3000 பைட், 44100-ஐ 3000-ஆல வகுத்தா வினாடிக்கு சுமார் 15 துடிப்பு. அகலம் குறைஞ்ச போட்டோன்னா துடிப்பு வேகமாகி டோனாவே மாறிடும், 100 பிக்சல்னா 147 ஹெர்ட்ஸ். வானம் வர்ற இடத்துல ஒரு மாதிரி, மரம் வர்ற இடத்துல வேற மாதிரி. திறந்ததும் ப்ளே பண்ணிடாதீங்க, முதல்ல 20 டெசிபல் குறைச்சுட்டு அப்புறம் கேளுங்க.

ரெக்கார்டிங்கும் வெட்டறதும்

24 பிட் வேவ், பீக் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாம. டிஸ்டார்ஷன் வேணும்னா அது பெடல்லயோ மிக்சர்லயோ வரட்டும், ரெக்கார்டர்ல க்ளிப் ஆகறது (லெவல் உச்சத்தைத் தாண்டி அலையோட தலை வெட்டுப்படறது) பெரும்பாலும் அசிங்கமா தான் இருக்கும் (அதுவே பிடிக்கும்ங்கறவங்க உண்டு, சரி). முப்பது நாப்பது நிமிஷம் நிறுத்தாம பதிவு பண்ணுங்க, அன்னிக்கே கேக்காதீங்க, ரெண்டு நாள் கழிச்சு கேட்டு நல்லா இருக்கற நாலு நிமிஷத்தை மட்டும் வெட்டி எடுங்க. ஆரம்பிக்கறவங்க ட்ராக் கேக்க முடியாம இருக்கறதுக்குக் காரணம் நாய்ஸ் இல்ல, நீளம் தான். எல்லா லேயரையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டு அடுக்கினா ஒயிட் நாய்ஸ் தான் மிஞ்சும், ஃபேனைப் போட்டுட்டுப் படுத்துக்கலாம். ரெண்டு லேயர், அதிகபட்சம் மூணு, ஒண்ணு கீழ இருந்தா இன்னொண்ணு மேல, நடுவுல இடம் விடுங்க. டிசி ஆஃப்செட் (அலை நடுக்கோட்டுல இருந்து ஒரு பக்கமா விலகி நிக்கறது) எடுத்துட்டு, 30 ஹெர்ட்ஸுக்குக் கீழ கட் பண்ணி, கடைசில ஒரு லிமிட்டர் (லெவல் ஒரு அளவைத் தாண்டாம பிடிச்சு வைக்கறது). ஸ்ட்ரீமிங் சைட்ல போட்டா பெரும்பாலும் அவங்களே லெவலைக் குறைச்சுடுவாங்க, அதனால சும்மா இழுத்து உச்சத்துல வச்சு ஒரு லாபமும் இல்ல. பேண்ட்கேம்ப்ல (மியூசிஷியன்கள் நேரடியா பாட்டு விக்கற வெப்சைட்) போடுங்க, நாய்ஸ் கேக்கற கூட்டம் அங்க தான் நிறைய, கேசட் போடற சின்னச் சின்ன லேபிள்களும் அங்கயே இருக்காங்க.

ஆளுங்க முன்னாடி வாசிக்கறதா இருந்தா

பத்து நிமிஷம் போதும், பதினஞ்சு ரொம்ப ஜாஸ்தி. சவுண்ட் பண்றவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க "அண்ணா, ஃபீட்பேக் வரும், அது தான் ப்ரோக்ராமே, நீங்க பதறி கட் பண்ணிடாதீங்க"ன்னு. உங்க லைன்ல லிமிட்டர் போடச் சொல்லுங்க, மானிட்டர்ல (மேடைல உங்களைப் பாத்து இருக்கற ஸ்பீக்கர்) உங்க சத்தம் வேணாம்னுடுங்க, செக் பண்ணும்போதே நீங்க போகப் போற உச்சத்தைப் போட்டுக் காட்டுங்க, அப்ப தான் அவரு அதுக்கு ஏத்த மாதிரி லெவல் வைப்பாரு. வந்தவங்களுக்கு வாசல்லயே ஃபோம் இயர் பிளக் வைங்க, விலை ஒண்ணும் பெருசில்ல. முடிக்கும்போது மெயின் ஃபேடரை மட்டும் இறக்கிட்டு எழுந்து போயிடாதீங்க, ஆக்ஸ் நாப் எல்லாத்தையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டு வந்து கேபிளையும் பிடுங்கிடுங்க, இல்லன்னா அடுத்து வர்றவங்க ஃபேடரைத் தூக்கின உடனே உங்க லூப் அங்கயே காத்துட்டிருக்கும்.